பக்கத்து மனைக்குள் போகாமல் சுவரை அளப்பது எப்படி?

"பக்கத்து வீட்டுக்காரர் நம்ம இடத்தில சுவர் எழுப்பிட்டார் சார். அளக்கப் போனா கேட்டைப் பூட்டிடறார்." சர்வேயரான என்னிடம் இப்படிச் சொல்லிக்கொண்டே கைபேசி வரைபடத்தில் அந்த வீட்டுக் கூரையைக் காட்டுபவர்கள் நிறையப் பேர். அதை நம்பாதீர்கள். கைபேசி ஜிபிஎஸ் திறந்தவெளியிலேயே சில மீட்டர் தள்ளிக் காட்டும்.

அளக்க உள்ளே போகவே வேண்டாம். உங்கள் மனைக்குள், எல்லைக்கு இணையாக 10 மீட்டர் தள்ளி, 20 மீட்டர் நீளத்தில் ஓர் அடிக்கோடு போடுவோம். இரு முனையிலும் கோணம் அளக்கும் கருவியான தியோடலைட்டை வைத்து, அடிக்கோட்டிலிருந்து சுவர் மூலை எத்தனை பாகையில் தெரிகிறது என்று பார்ப்போம். இரண்டும் 45 என்றால் மூலை சரியாக எல்லையில் இருக்கிறது. ஒன்று 45, மற்றது 44 என்றால் அடிக்கோட்டிலிருந்து 9.825 மீட்டர்; அதாவது 17.5 சென்டிமீட்டர் உங்கள் பக்கம் வந்திருக்கிறது. 1802-இல் ஆங்கிலேய அதிகாரி லாம்டன் பரங்கிமலை அருகே தொடங்கிய இந்தியப் பெரும் நில அளவைக்கும் இதே முக்கோணக் கணக்குதான் அடிப்படை.

இடம் இல்லையென்று அடிக்கோட்டை 2 மீட்டராகக் குறுக்கினால், கோணத்தில் ஒரு கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) பிசகினாலே விடை ஒன்றரை சென்டிமீட்டர் நகரும். 20 மீட்டரில் அதே பிசகு 3 மில்லிமீட்டர்தான். குறி வைப்பது சுவரின் மூலையா, சன்ஷேடின் முனையா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். காம்பவுண்டுக்கு மேலே முதலில் கண்ணில் படுவது சன்ஷேடுதான். லேசர் டோட்டல் ஸ்டேஷன் என்ற கருவி கோணத்தோடு ஒரே இடத்திலிருந்து தூரத்தையும் சொல்லிவிடும். இருந்தாலும் இரண்டாவது இடத்திலிருந்து சரிபார்க்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

சரி, மூலை கிடைத்துவிட்டது. எல்லை எங்கே? உண்மையான தகராறு இங்கேதான். எல்லைக்கோடு சர்வே கற்களிலிருந்தும் புலப்படத்திலிருந்தும் (அரசு வைத்திருக்கும் நில அளவை வரைபடம்) வருகிறது. பழைய புலப்படங்களில் நீளம் லிங்க் கணக்கில் இருக்கும். ஒரு லிங்க் 20.1 சென்டிமீட்டர். நாம் கண்டுபிடித்த 17.5 அதைவிடக் குறைவு; அந்தப் படத்தை வைத்து அவ்வளவு நுணுக்கமாக உறுதி சொல்வது கடினம்! கல் ஒன்று காணாமல் போயிருந்தால் சந்தேகம் இன்னும் கூடும்.

அதனால் ஒரு லிங்குக்கு உட்பட்ட வித்தியாசத்தை மட்டும் நம்பி வழக்குப் போட வேண்டாம் என்பது என் கருத்து. முதலில் கட்டணம் கட்டி அரசு நில அளவருக்கு மனு கொடுத்துக் கற்களைச் சரிபாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்து வழக்கு வரை போனால், அட்வகேட் கமிஷனரை (இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் அனுப்பும் வழக்கறிஞர்) நியமிக்கச் சொல்லி நீதிமன்றத்தில் கேளுங்கள். அவர் நீதிமன்ற உத்தரவோடு சர்வேயரை அழைத்துக்கொண்டு அந்தக் கேட்டுக்குள்ளேயே போய் அளப்பார்.