கன்று கொடுத்துவிட்டால் காடு வந்துவிடுமா?

ஜூன் 5 நெருங்கினால் கொடைக்கானல் கீழ்மலைக்கு மரக்கன்றுகள் வேனில் ஏறி வரும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, ஆடலூர், கே.சி.பட்டி என்று எந்த ஊரில் இறக்கினாலும் காட்சி ஒன்றுதான்: பேனர், மண்வெட்டி, போட்டோ. நல்ல எண்ணம்தான், மறுக்கவில்லை. ஆனால் பழனி மலையின் இந்தக் கிழக்குச் சரிவுக்குப் பெரிய மழை வருவது ஐப்பசி, கார்த்திகையில். தென்மேற்குப் பருவக்காற்று மழையை எல்லாம் கேரளப் பக்கம் கொட்டிவிட்டு இங்கே பெரும்பாலும் வெறும் காற்றாகத்தான் வந்து சேரும். ஜூனில் நட்ட கன்று அந்த ஆடிக்காற்றில் அலைக்கழிந்து வேர் பிடிக்காமலே காய்ந்துவிடுகிறது. சிறு காப்பி விவசாயிகளோடு மர வளர்ப்பு வேலை பார்ப்பதால், வருடா வருடம் இதே வேண்டுகோளை வைக்க வேண்டியிருக்கிறது: கொடுப்பதென்றால் அக்டோபரில் கொடுங்கள். சுற்றுச்சூழல் தினத்துக்கு வேறு ஏதாவது செய்துகொள்ளலாம்.

தேதியைக்கூட மாற்றிவிடலாம். நட்ட மரம் யாருடையது என்ற கேள்விதான் கஷ்டமானது. அதற்குப் பதில் இல்லாமல் எத்தனை லட்சம் கன்று நட்டாலும் மலையில் மரம் நிற்காது.

காப்பிக்கும் காட்டுக்கும் பகை இல்லை. அராபிகா செடியே எத்தியோப்பிய மலைக்காடுகளில் பெரிய மரங்களுக்கு அடியில் வளர்ந்ததுதான். இந்தியாவில் காப்பி ஏறக்குறைய முழுவதும் நிழலில்தான் விளைகிறது. முறையான தோட்டத்தில் நிழல் இரண்டு அடுக்காக இருக்கும். கீழே கல்யாண முருங்கை, கொம்பை ஊன்றினாலே தழைத்துவிடும். மேலே அத்தி, இத்தி, பலா, நாவல், வேங்கை, ஈட்டி, சந்தன வேம்பு மாதிரி நிரந்தர மரங்கள். மேல் மரங்கள் வளர்ந்த பின் ஒன்றுக்கொன்று சுமார் 40 அடி இடைவெளி இருந்தால் போதும். அதாவது விவசாயத்தை நிறுத்தாமலே ஒரு மலைச்சரிவைப் பாதிக் காடாக வைத்திருக்கலாம். சோளக்காட்டிலோ உருளைக்கிழங்கு வயலிலோ அது நடக்காது.

நிழல் போனால் என்ன ஆகும் என்று அராபிகா வைத்திருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு வெயில் படும் தண்டைத் தேடித்தான் முட்டையிடும். ஏப்ரல், மே மாதங்களில் ஒரு பறப்பு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொன்று. புழு உள்ளே குடைந்துவிட்டால் செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வழியில்லை. மேல் நிழலை அடியோடு கழித்த தோட்டத்தில் முதல் இரண்டு வருடம் மகசூல் கூடும், அப்புறம் வரிசை வரிசையாகச் செடி மஞ்சளிக்கும். ஆகவே நிழல் மரத்தின் அருமை விவசாயிக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு வகுப்பெடுக்க வருபவர்கள் தயவுசெய்து வேறு தலைப்பு தேடலாம்.

தெரிந்தும் ஏன் நாட்டு மரங்கள் குறைகின்றன? பழைய அத்தியும் ஈட்டியும் விழுந்த இடத்தில் எல்லாம் சில்வர் ஓக் நிற்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். கம்பம் போல நேராகப் போகும், மிளகுக் கொடி சுகமாக ஏறும், விற்றால் பிளைவுட்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள். இலை மட்குவதற்குத் தாமதமாகும், பறவைக்கு உருப்படியான பழம் இல்லை என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு அது வங்கி டெபாசிட். காப்பி விலை விழுந்த வருடத்தில், அல்லது மகள் கல்யாணத்துக்கு, நாலு மரத்தை வெட்டிக் காசாக்கலாம்.

ஈட்டி மரத்தை அவ்வளவு சுலபமாக வெட்டிவிட முடியாது. 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி, அறிவிக்கப்பட்ட மலைப்பகுதியில் பட்டா நிலத்து மரத்தை வெட்டவும் அனுமதி வேண்டும். ஈட்டிக்கு அது போதாதென்று 1994இல் தனிச் சட்டமே வந்தது. நோக்கம் நியாயமானது; அந்தக் காலத்து மரக் கொள்ளையைத் தடுக்கத்தான் கொண்டுவந்தார்கள். விளைவு வேறு மாதிரி ஆகிவிட்டது. தன் பட்டாவில் ஒரு ஈட்டிக் கன்று தானாக முளைத்தால் விவசாயிக்குச் சந்தோஷம் வருவதில்லை, பயம் வருகிறது. இன்று விட்டால் முப்பது வருடம் கழித்து மகன் அலுவலகப் படி ஏற வேண்டும். கத்தியால் ஒரு வீச்சு, பிரச்சினை முளையிலேயே முடிந்தது. கர்நாடகத்தின் 1976ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம் சில்வர் ஓக்கை அனுமதி தேவையில்லாத மரங்களின் பட்டியலில் வைத்தது. குடகுத் தோட்டங்களில் இன்று அந்த மரம் எங்கும் நிற்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். பாதுகாக்க நினைத்த மரம் குறைகிறது, பாதுகாப்பே வேண்டாத மரம் பெருகுகிறது.

இது நம்மூர்க் கதை மட்டும் இல்லை. கானாவில் கோகோ விவசாயிகளுக்கும் இதே சங்கடம். 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே இயற்கையாக முளைத்த வன மரங்கள் மக்கள் சார்பாகக் குடியரசுத் தலைவர் வசம் இருக்கின்றன. விவசாயி நிழலுக்காகப் பத்துப் பதினைந்து வருடம் காத்து வளர்த்த மரத்தை, உரிமம் வாங்கிய மரக்கம்பெனி வந்து வெட்டலாம். மரம் சாயும்போது அடியில் நிற்கும் கோகோவும் நசுங்கும், இழப்பீடு கைக்கு வந்தால் அதிர்ஷ்டம். அதனால் அங்கேயும் கன்றாக இருக்கும்போதே பட்டையை உரித்துக் கொன்றுவிடுகிறார்கள். பக்கத்து நாடான ஐவரி கோஸ்ட் 2014இலும் 2019இலும் வனச் சட்டத்தைத் திருத்தி, நிலத்துக்காரருக்கே மரமும் சொந்தம் என்று எழுதியது. காடு பெரும்பாலும் அழிந்த பிறகு வந்த புத்திதான், ஆனாலும் திசை சரி. நம் நாட்டிலும் 2014இல் வேளாண் காடு வளர்ப்புக்கென்று ஒரு தேசியக் கொள்கை வந்தது. உலகிலேயே இப்படி ஒரு கொள்கையை முதலில் கொண்டுவந்தது இந்தியா. வெட்டுவது, கொண்டுபோவது பற்றிய விதிகளை எளிதாக்க வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. படிக்க நன்றாக இருக்கிறது.

சட்டம் மாறும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் மிக மலிவான காடு வளர்ப்பு, கன்று நடாமல் செய்வதுதான். பழைய அத்தியோ நாவலோ நிற்கும் தோட்டத்தில் மழைக்குப் பிறகு குனிந்து பாருங்கள். குருவி, வௌவால், மரநாய் போட்ட விதையிலிருந்து ஏகப்பட்ட கன்றுகள் முளைத்திருக்கும். நாற்றங்கால் செலவு இல்லை, பாலித்தீன் பையில் வேர் சுருளவில்லை, மண்ணும் இடமும் அதுவே தேர்ந்தெடுத்தவை. இவற்றைக் கொல்வது வறட்சியும் இல்லை, காட்டுமாடும் இல்லை. களை எடுப்புதான். கத்தி வீசும் வேகத்தில் எது களை, எது சந்தன வேம்பு என்று யார் பார்ப்பது? மெஷின் வந்த பிறகு இன்னும் மோசம்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. களை எடுப்புக்கு நாலு நாள் முன்னால் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி, வேண்டிய கன்றுக்குப் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, கண்ணில் படும் நிறத்தில் துணி கட்டிவிட வேண்டும். களை எடுக்க வருபவர்களிடம் அதைக் காட்டிச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் குச்சியோடு சேர்த்து வெட்டுவார்கள். இரண்டு இலைப் பருவத்தில் கன்றை அடையாளம் காண்பதில் இந்த மலையின் பழங்குடிகளான பளியர் மக்களை மிஞ்ச ஆள் இல்லை. அந்த வேலைக்குக் கூப்பிட்டால் கூலி கொடுத்துக் கூப்பிடுங்கள். 'பாரம்பரிய அறிவு' என்று மேடையில் புகழ்ந்துவிட்டு வெறுங்கையோடு அனுப்புவது எனக்குப் பிடிக்காத வழக்கம். தலைக்கு மேல் வளரும்வரை இரண்டு மூன்று வருடம் காத்தால் போதும். எல்லாவற்றையும் காக்கவும் வேண்டாம். நெருக்கமாக இருப்பதில் நல்லதை விட்டு மற்றதைக் கழித்துவிடலாம்.

நடத்தான் வேண்டும் என்றால் மரத்தைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் யோசனை வேண்டும். பலா அருமையான நிழல், பழமும் காசு. ஆனால் யானை வரும் பக்கம் வீட்டை ஒட்டிப் பலா வைப்பது வினையை விலைக்கு வாங்குவது. வைத்தால் தள்ளி வையுங்கள், பழுக்கும் முன்பே காயாக இறக்கி விற்றுவிடுங்கள். மிளகில் பன்னியூர்-1 ரகத்துக்கு வெளிச்சம் வேண்டும், அடர்ந்த நிழலில் கொடி மட்டும் ஓடும். கரிமுண்டா ரகம் நிழலைத் தாங்கும். நாட்டு மரத்தில் மிளகு காய்க்காது என்ற பேச்சுக்குப் பின்னால் பெரும்பாலும் ரகம் மாறிப்போன கதைதான் இருக்கும். மலைவாழையும் கமலா ஆரஞ்சும் ஒரு காலத்தில் இந்த மலைக்குச் சோறு போட்டன. வாழையை முடிக்கொத்து நோயும், ஆரஞ்சைக் கிரீனிங் முதலான நோய்களும் வீழ்த்தின. ஒரே பயிரை நம்பிய குடும்பங்கள் அப்போது பட்டது பெரியவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். இன்று ஒரே மரமாகச் சில்வர் ஓக்கை வைக்கிற பிள்ளைகள் ஒரு முறை அவர்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

2024, 2025இல் பயமே விலை ஏறியதுதான். 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் கோகோ டன்னுக்கு 12,000 டாலரைத் தாண்டியது. 2025 பிப்ரவரியில் அராபிகா பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. விலை விழுந்தால் மரத்தை விற்பார்கள், விலை ஏறினால் மகசூலுக்காக நிழலைக் கழிப்பார்கள்; இரண்டிலும் அடி வாங்குவது மேல் அடுக்குதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடுப்பு விதி வேறு வருகிறது. அது அமலுக்கு வந்தால், 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த காப்பியும் கோகோவும் அங்கே விற்க முடியாது. நம் சிறு தோட்டங்களுக்கு இது பாதகமில்லை, ஆனால் நிலம் எங்கே இருக்கிறது என்று காட்டும் கணக்கு வேண்டும். பட்டா தாத்தா பேரிலேயே இருப்பவர்கள் அதை முதலில் மாற்றிக்கொள்ளுங்கள்.

கூடவே இரண்டு காகித வேலை. நிலத்தில் நிற்கும், நீங்கள் நட்டு வளர்க்கும் மரங்களைக் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கலில் (நிலத்தின் பயிர்க் கணக்கில்) ஏற்றச் சொல்லுங்கள். நாளைக்கு வெட்ட அனுமதி கேட்கும்போது 'இது நான் வளர்த்த மரம்' என்று காட்ட ஒரு தாள் இருக்கும். அடுத்தது, கார்பன் வருமானம் (மரம் காற்றிலிருந்து இழுத்து வைக்கும் கார்பனுக்குப் பணம்) என்று சொல்லிக்கொண்டு ஒப்பந்தத்தோடு வருபவர்கள். எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. ஆனால் எத்தனை வருடம் வெட்டக் கூடாது, மரம் புயலில் சாய்ந்தால் யார் பொறுப்பு, பணம் எப்போது வரும், இடையில் நிலத்தை விற்றால் என்ன ஆகும் என்ற நாலு கேள்விக்கும் தமிழில் எழுத்தில் பதில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஆங்கிலத் தாளை நீட்டி 'சும்மா ஃபார்மாலிட்டி' என்று சொன்னால், காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.