பெரிய கில்ட் பாவாடை இல்லை, கொசுவப் போர்வை

நேற்றும் ஒரு பயண நிகழ்ச்சியில் அதே சொல். ஸ்காட்லாந்து மலைநாட்டு உடையில் ஒருவர் நாலைந்து கெஜம் கம்பளியை இடுப்பில் வரிந்து, மீதியைத் தோளில் ஏற்றிக் குத்திக்கொண்டு நிற்கிறார், பெரிய கில்ட் என்னும் அந்த உடைக்குக் கீழே 'பெரிய பாவாடை' என்று எழுத்து ஓடுகிறது. எத்தனை முறைதான் பார்ப்பது!

கில்ட் என்பது ஸ்காண்டிநேவிய மொழிகளின் வழி வந்த சொல், முதலில் வினைச்சொல்: துணியைத் தூக்கிச் செருகுவது. ஸ்காட்லாந்து மலைநாட்டாரின் கேலிக் மொழியில் பெரிய கில்ட் 'ஃபேலெ மோர்', மோர் என்றால் பெரிய. இதற்கே ஆங்கிலத்தில் 'பெல்டட் ப்ளாட்' என்றும் பெயர் உண்டு. அந்த ப்ளாட் கேலிக்கில் போர்வை. அமெரிக்க வழக்கில் அது கட்டம்போட்ட துணி ஆகிவிட்டதால், நம்மவர் 'வார் கட்டிய கட்டத்துணி' என்றும் எழுதுகிறார்கள். கட்டத்துக்கு டார்ட்டன் என்று தனிச்சொல் இருக்கிறதே, அதையாவது பார்த்திருக்கலாம்.

சரி, பாவாடைக்கு வருவோம். தைத்து, நாடா கோத்து, காலை நுழைத்துப் போடுவது பாவாடை. பெரிய கில்ட்டில் தறியின் அகலம் போதாமல் இரண்டு பட்டைகளை நீளவாக்கில் இணைத்த தையல் ஒன்றுதான். பெல்ட்டைத் தரையில் போட்டு, அதன்மேல் துணியை விரித்து, நடுப்பகுதியைக் கையால் கொசுவி, இரு ஓரத்தையும் கொசுவாமல் விட்டு, மேலே படுத்து, ஓரங்களை முன்னால் மடித்துப் பெல்ட்டைப் பூட்டி எழுந்தால் கொசுவம் முழுக்கப் பின்னால் விழும், முன்பக்கம் தட்டையாக நிற்கும். பின்கொசுவம் வைத்துச் சேலை கட்டும் பாட்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்! மேல்பாதி மழைக்குத் தலையை மூடும், இரவில் பெல்ட்டை அவிழ்த்தால் படுக்கை விரிப்பு.

நண்பர் ஒருவர் விடவில்லை. பாவாடைக்கு, பெரியவர்கள் நடந்துவரத் தரையில் விரிக்கும் துணி என்றும் பழைய பொருள் உண்டு, இதையும் விரித்துத்தானே கட்டுகிறார்கள் என்றார். பொருள் உண்மைதான், அகராதியில் இருக்கிறது. ஆனால் இன்று அந்தச் சொல்லைக் கேட்கிறவர் மனதில் எது வரும்? பள்ளிக்கூடப் பெண்பிள்ளையின் பாவாடைதானே? கேலிச்சிரிப்புக்குத்தான் வழி. 1746இல் சட்டம் போட்டுத் தடுத்து, 1782இல்தான் திரும்ப அனுமதித்த உடை அது. அதைச் சிரிப்புப் பொருளாக்க மொழிபெயர்ப்பாளருக்கு என்ன உரிமை?

அதனால் என் சொல் கொசுவப் போர்வை. கொய்சகம் என்ற பழைய சொல்தான் கொசுவம் ஆனது, புதிதாக எதையும் செய்யவில்லை. வேட்டி என்றும் சொல்லலாமே என்பார்கள். தோளையும் தலையையும் மூடும் கம்பளிக்கு அது பொருந்தாது.

பெயர் தப்பினால் பராமரிப்பும் தப்பும். பாவாடை என்று நினைத்து ஒருவர் 'மடிப்புகளைத் தினமும் இஸ்திரி போடவும்' என்று மொழிபெயர்த்திருந்தார். அவிழ்த்ததும் காணாமல் போகும் மடிப்பை எதற்கு இஸ்திரி போடுவது? உதறி, காற்றாட விரித்து, சேறு காய்ந்தபின் பிரஷ்ஷால் தட்டினால் போதும். கறை பட்ட இடத்தை மட்டும் குளிர்ந்த நீரில் ஒற்றி எடுங்கள். வெந்நீரும் வாஷிங் மெஷினும் கம்பளியைச் சுருக்கிவிடும். எடுத்து வைக்கும்போது அந்துப்பூச்சி வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அழுக்கோடு மடித்து வைத்தால் நிச்சயம் வரும்.

அப்புறம், இப்போது அங்கே கல்யாணங்களில் போடும் சின்ன கில்ட் வேறு. அதில் கொசுவத்தைத் தைத்தே விடுகிறார்கள், மேல்பாதியும் கிடையாது. அதைக் கில்ட் என்றே எழுதுங்கள்.