மண் காயட்டும், கண்ணாடி ஆறட்டும்

களிமண் வகுப்புக்கு வருகிற எல்லோருக்கும் சூளையைப் பார்க்கத்தான் அவசரம். கல்லடியில் நாங்கள் சனிக்கிழமைகளில் கூடும் கலை மையத்திலும் அதே கதைதான். அங்கே சின்னதாக ஒரு மின்சூளை இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வந்தாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வந்தாலும் முதல் கேள்வி, "எப்ப சுடுவீங்க?" சட்டி பானை வனைந்தே வாழ்ந்த ஒரு மாமி எங்களுக்குச் சொல்லித்தர வருவார். அவருடைய பதில் மாறுவதே இல்லை: "ஈரம் போகட்டும் மனே."

எனக்கு அந்தப் பொறுமை இருக்கவில்லை. மாரி மழை விடாமல் பெய்த ஒரு வாரம். தொட்டால் இன்னும் குளிர்ந்த ஒரு கிண்ணத்தை, நிறம் வெளுத்துவிட்டது என்பதற்காகச் சூளைக்குள் வைத்துவிட்டேன். ஒரு மணித்தியாலம் கழித்து உள்ளே 'டொப்' என்று சத்தம். மறுநாள் திறந்தால் என் கிண்ணம் சுக்குநூறு. போதாததற்கு, பக்கத்தில் ஒரு சிறுமி செய்து வைத்திருந்த ஆமையின் தலையையும் அது உடைத்திருந்தது. அந்த ஆமைக்காகத்தான் மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

மணலும் களிமண்ணும் ஒரே ஆற்றங்கரையில் கிடந்தாலும் குணம் வேறு. மணல் குறுணி குறுணியானது. ஈரமாக இருக்கும்போது பிடித்த வடிவம், காய்ந்ததும் உதிர்ந்துவிடும். களிமண் துகள் தட்டையானது, அப்பளம் மாதிரி. ஒரு துகளின் அகலம் 2 மைக்ரோமீற்றருக்கும் குறைவு, அதாவது 500 துகள்களை வரிசையாக வைத்தாலும் ஒரு மில்லிமீற்றர் வராது. இந்த அப்பளங்களுக்கு இடையில் மெல்லிய நீர்ப்படலம் நிற்கிறது. நனைந்த இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். நேரே இழுத்துப் பிரிப்பது கடினம், ஆனால் பக்கவாட்டில் சுலபமாக வழுக்கி நகரும். களிமண் கைக்கு இணங்கி வளைவதும், வளைந்த இடத்திலேயே நிற்பதும் இதனால்தான்.

காயும்போது அந்த நீர்ப்படலம் போய்விடும், துகள்கள் நெருங்கும், பாத்திரம் சுருங்கும். 10 சென்ரிமீற்றர் அகலமான கிண்ணம் காய்ந்து முடிவதற்குள் 5 முதல் 8 மில்லிமீற்றர் வரை குறையலாம். சுருங்குவதில் பிழை இல்லை. ஒரு பக்கம் முந்திச் சுருங்குவதுதான் வினை. மட்டக்களப்பில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது சூடேறி வரண்டு வரும் காற்று அது. காலையில் வனைந்த சட்டியின் விளிம்பு மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும், அடி இன்னும் ஈரமாகவே இருக்கும். விளிம்பு சுருங்கப் பார்க்கும், அடி விடாது. நடுவில் ஒரு கீறல் விழும். மாமி அந்த நாட்களில் விளிம்பைச் சுற்றி ஈரத்துணி போட்டு, சட்டியைக் கவிழ்த்து வைப்பார். மாரியில் எல்லாமே தலைகீழ். காற்றே ஈரத்தில் ஊறியிருப்பதால் ஒரு வாரம் போனாலும் மண் காயாது.

காய்ந்ததா என்று பார்க்க மாமி பாத்திரத்தை எடுத்துக் கன்னத்தில் வைப்பார். குளிர்ந்தால் திரும்பத் தட்டுக்குப் போகும். இதில் நல்ல இயற்பியல் இருக்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை நீர் பாத்திரத்திலிருந்தே எடுப்பதால் பாத்திரம் குளிர்கிறது. கன்னத்தில் குளிர் தெரிகிறதென்றால் உள்ளே இன்னும் நீர் இருந்து வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மேல்தோல் வெளுத்திருந்தாலும் அதுதான் உண்மை. என் கிண்ணம் அன்றைக்கு இதைத்தான் சொன்னது, நான் கேட்கவில்லை.

சரி, ஈரத்தோடு சூளைக்குப் போனால் ஏன் வெடிக்கிறது? மண்ணுக்குள் காற்றுக்குமிழி இருந்ததால்தான் என்று பலர் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது பொருந்தவில்லை. காற்றை 30 பாகை செல்சியசிலிருந்து 100 பாகைக்குச் சூடாக்கினால் அதன் கனவளவு கால்வாசிக்கும் குறைவாகத்தான் கூடும். நீரோ 100 பாகையில் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு இடம் கேட்கும். ஒரு தேக்கரண்டி நீர் 8 லீற்றருக்கும் மேற்பட்ட ஆவி. கிண்ணத்தின் தடித்த அடியில் அகப்பட்ட ஆவிக்கு வெளியே வர நுண்ணிய துளைகள் மட்டும்தான் வழி. சூளை மெதுவாக ஏறினால் அது கசிந்து போய்விடும். வேகமாக ஏறினால் சுவரை உடைத்துக்கொண்டு வரும். மண்ணைப் பிசைந்து குமிழி எடுப்பது தேவையான வேலைதான், பதம் சீராக வருவதற்கும் அது வேண்டும். வெடிக்க வைப்பது மட்டும் நீர். இப்போது நாங்கள் சூளையை முதலில் 90 பாகை அளவில் பல மணித்தியாலம் வைத்துவிட்டுத்தான் மேலே ஏற்றுகிறோம்.

அதற்குப் பிறகும் உள்ளே நீர் இருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. இது ஈரம் இல்லை. ஐதரசனும் ஒட்சிசனும் இணைந்த கூறாக, துகளின் கட்டமைப்புக்குள்ளேயே பிணைந்திருப்பது. வெள்ளைக் களிமண்ணான கயோலினில் அது நிறையில் 14 வீதம். 450 பாகைக்கும் 600 பாகைக்கும் இடையில் அதுவும் நீராவியாகக் கழன்றுபோகிறது. இந்த எல்லைக்கு முன்னால் சூளையை நிறுத்தினால் கிண்ணத்தைத் தண்ணீரில் போட்டுக் கரைத்துத் திரும்பக் களிமண்ணாக்கலாம். தாண்டிவிட்டால் பிறகு எவ்வளவு ஊறவைத்தாலும் அது மண்ணாகத் திரும்பாது. உடைந்த ஓடு வேண்டுமானால் ஆயிரம் வருடம் அப்படியே கிடக்கும்.

இதற்கிடையில் 573 பாகையில் இன்னொரு சங்கதி. களிமண்ணில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் மணல் அந்த இடத்தில் சட்டென்று வடிவம் மாறிப் பருக்கும். குளிரும்போது அதே இடத்தில் சட்டென்று சுருங்கும். சூளையை அவசரப்பட்டுத் திறக்கிறவர்களுக்கு நெடுங்கீறல் கிடைப்பது பெரும்பாலும் இந்தத் திரும்பும் வழியில்தான்.

900 பாகை தாண்டும்போது மண்ணில் உள்ள பொட்டாசியம், சோடியம், இரும்பு போன்றவை, மணலின் முக்கிய கூறான சிலிக்காவைக் கொஞ்சம் கொஞ்சமாக இளக்குகின்றன. இளகியது துகள்களுக்கு நடுவே பசைபோல ஊறி, ஆறியதும் இறுகிவிடும். அந்தப் பசை வேறொன்றும் இல்லை, கண்ணாடி. நம் சட்டி பானையில் இந்தக் கண்ணாடி குறைவு, துளைகள் அதிகம். பீங்கான் 1,300 பாகையை ஒட்டிச் சுடப்படுவதால் அதில் கண்ணாடி நிறைந்து துளைகள் அடைபட்டிருக்கும். அதனால்தான் மண் கூசாவில் தண்ணீர் குளிர்கிறது, பீங்கான் சாடியில் குளிர்வதில்லை. நம் எருமைத் தயிருக்கும் இதே துளைதான் துணை. சட்டியின் சுவர் நீரை மெல்ல உறிஞ்சி வெளியே விடுவதால் தயிர் இறுகுகிறது, கூடவே குளிர்ச்சியாகவும் இருக்கிறது. பிளாஸ்ரிக் கோப்பையில் உறைந்த தயிரில் மேலே தண்ணீர் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தண்ணீருக்கு அங்கே போக இடமில்லை.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. செம்மண் சட்டியின் சிவப்பு இரும்பிலிருந்து வருவது; ஒட்சிசன் தாராளமாகக் கிடைத்தால் இரும்பு சிவக்கும். காற்றை அடைத்துப் புகைக்குள் வைத்தால் காபன் படிந்து கறுக்கும். பொம்பரிப்பிலும் ஆனைக்கோட்டையிலும் அகழ்ந்தெடுத்த பெருங்கற்காலக் கறுப்புச்சிவப்பு மட்பாண்டங்களில் உள்பக்கமும் விளிம்பும் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. பானையைக் கவிழ்த்து, வாயைச் சாம்பலிலும் புகையிலும் புதைத்துச் சுட்டால் இரண்டு நிறமும் ஒரே சூட்டில் வந்துவிடும். ஒட்சிசன் என்ற பெயரையே அறியாதவர்கள் அதைக் கையில் பிடித்து ஆண்டிருக்கிறார்கள். நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

இனிக் கண்ணாடி. மணலின் சிலிக்காவைத் தனியே உருக்க 1,700 பாகைக்கு மேல் வேண்டும். சோடாவைச் சேர்த்தால் உருகும் சூடு மளமளவென்று இறங்கும், ஆனால் அப்படிச் செய்த கண்ணாடி தண்ணீரில் கரையும். சுண்ணாம்பு சேர்த்தால் கரையாது. நம் வீட்டுப் போத்தல்கள் எல்லாம் இந்த மூன்றின் கூட்டுத்தான், அதில் ஏறத்தாழ 70 வீதம் சிலிக்கா. அதற்கான வெள்ளை மணல் இலங்கையில் நாத்தாண்டிய, மாரவில பக்கம் தோண்டப்படுகிறது. கிழக்குக் கரை மணலில் அலை விட்டுச்செல்லும் கறுப்பு வரிகளைக் கண்டிருப்பீர்கள். அவற்றில் இரும்பும் தைத்தானியமும் சேர்ந்த கனியங்கள் இருக்கின்றன. புல்மோட்டையில் அள்ளுவது அதைத்தான். கண்ணாடியில் சிறிதளவு இரும்பு கலந்தாலே பச்சை தட்டிவிடும் என்பதால் தெளிந்த கண்ணாடிக்கு அந்த மணல் ஆகாது.

எங்கள் மையத்தில் நாங்கள் மணலை உருக்குவதில்லை. பழைய போத்தல்களை வெட்டி அடுக்கி 780 பாகை அளவில் சூடாக்கினால் துண்டுகள் விளிம்பு உருண்டு ஒன்றோடொன்று ஒட்டிவிடும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஆறும்போது என்ன நடக்கிறது? மேற்பரப்பு முதலில் ஆறி இறுகும். நடுப்பகுதி பிறகு ஆறிச் சுருங்கப் பார்க்கும்; இறுகிய மேற்பரப்பு இடம்கொடாது. அந்த இழுபறி உள்ளேயே பூட்டப்பட்டுவிடும். அதனால் 540 பாகை அளவில் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமல் நிறுத்தி, உள்ளும் புறமும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு மெல்ல மெல்ல இறக்க வேண்டும். தடித்த துண்டென்றால் ஒரு நாள் முழுக்க ஆறும்.

நான் ஒருமுறை பச்சைப் போத்தல் தட்டின் நடுவில் கபில நிற மருந்துப் போத்தல் துண்டொன்றைப் பதித்துச் சுட்டேன். முறையாகத்தான் ஆறவிட்டேன். யன்னலோரம் வைத்த மூன்றாம் நாள் அது தானாகவே வெடித்துப் பிளந்தது. காரணம், வேறு வேறு தொழிற்சாலைக் கண்ணாடிகள் வேறு வேறு அளவில் சுருங்கும். ஒவ்வொரு பாகைக்கும் பத்து இலட்சத்தில் ஒரு பங்குதான் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். 10 சென்ரிமீற்றர் துண்டு 500 பாகை இறங்கினால் அந்த வித்தியாசம் 0.05 மில்லிமீற்றர், ஒரு மெல்லிய தலைமயிரின் தடிப்பு. கண்ணாடிக்கு அந்த ஒரு மயிரிழை போதும்.

இந்த இழுபறியைக் கண்ணால் பார்க்கவும் வழி உண்டு. கணினித் திரையை வெள்ளையாக்கி, ஒளியை முனைவாக்கும், அதாவது ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும், குளிர்கண்ணாடி ஒன்றைத் திரை இருளும்வரை திருப்புங்கள். இப்போது திரைக்கும் குளிர்கண்ணாடிக்கும் நடுவே கண்ணாடித் துண்டைப் பிடித்தால், இழுபறி உள்ள இடம் மட்டும் வெளிச்சமாகத் தெரியும். நன்றாக ஆறிய துண்டு இருட்டாகவே இருக்கும். பிள்ளைகள் வீட்டிலிருக்கும் கிளாஸ்களை எல்லாம் கொண்டுவந்து பார்த்தார்கள்.

ஒன்றை மட்டும் கட்டாயம் சொல்ல வேண்டும். காய்ந்த மண்தூசியையும் கண்ணாடித் தூளையும் விளக்குமாற்றால் கூட்டாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். சிலிக்காத் தூசி நுரையீரலில் தங்கிவிடும். மண்பாத்திரத்தின் மேல் பூசிச் சுட்டால் கண்ணாடியாக இறுகும் பூச்சுகள் உண்டு; சமைக்கிற பாத்திரத்துக்கு ஈயம் கலந்த பூச்சு வேண்டவே வேண்டாம், புளியும் தேசிக்காயும் ஈயத்தை இழுத்துவிடும்.

பூச்சு என்றதும் அம்பாறை நினைவு வருகிறது. நெல் பயிர் மண்நீரிலிருந்து சிலிக்காவை உறிஞ்சி உமியில் சேர்த்து வைக்கிறது. உமியை எரித்தால் வரும் சாம்பலில் பெரும்பகுதி, 80 வீதத்துக்கும் மேல், சிலிக்காதான். அம்பாறை அரிசி ஆலைகளில் உமிக்குப் பஞ்சமா? நாங்கள் ஒரு மூட்டைச் சாம்பல் கொண்டுவந்தோம். உமிச் சாம்பல் தனியே உருகாது என்பதால் கல்சியமும் பொட்டாசியமும் உள்ள விறகுச் சாம்பலையும், சூளைக்காரர் பாவிக்கும் பெல்ஸ்பார் என்ற கனியத்தின் தூளையும், கொஞ்சம் களிமண்ணையும் சேர்த்துக் கரைத்து, உயர்சூடு தாங்கும் மண்ணில் செய்த கிண்ணங்களில் பூசி 1,240 பாகை வரை ஏற்றினோம். இரண்டு நாள் யாரும் மூடியைத் தொடவில்லை.

திறந்தபோது கிண்ணங்கள் பால்வெள்ளையில் மினுங்கின. மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 'டிங்... டிங்' என்று மெல்லிய சத்தம். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டோம். பூச்சு என்ற கண்ணாடி, அடியிலிருக்கும் மண்ணைவிடக் கூடுதலாகச் சுருங்க முயன்று, மயிரிழை வெடிப்புகளாக விட்டுக்கொண்டிருந்தது. பூச்சில் சிலிக்காவைக் கூட்டினால் அதன் சுருக்கம் குறையும். தலை உடைந்த ஆமைக்காரப் பிள்ளை காதைக் கிண்ணத்தில் வைத்தபடி எண்ணிக்கொண்டிருந்தாள். பதினேழு வரை வந்ததாம். அடுத்த சனிக்கிழமை கலவையில் உமிச் சாம்பலை இன்னும் ஒரு கை கூட்டிப் பார்க்கப் போகிறோம். அவளுடைய புது ஆமை தட்டில் காய்ந்துகொண்டிருக்கிறது, கன்னத்தில் வைத்தால் இன்னும் குளிர்கிறது.