பிக்கப் வண்டிக்கு வீட்டிலேயே பிரேக் ஆயில் மாற்றுகிறவர்கள் கவனத்துக்கு

கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் மீன் ஏற்றும் பிக்கப் வண்டிக்காரர்கள் இன்ஜின் ஆயிலைக் கணக்காக மாற்றுகிறார்கள். டயரைத் தட்டிப் பார்க்கிறார்கள், ஸ்பிரிங் பட்டைக்கு கிரீஸ் அடிக்கிறார்கள். பிரேக் ஆயிலை மட்டும் வண்டி வாங்கிய நாளிலிருந்து தொடாதவர்கள் நிறையப் பேர். பட்டறைக்கு வரும்போது கேட்டால், பிரேக் ஆயில் டப்பாவைக் காட்டி, “டப்பா நிறைய இருக்கே அண்ணே, எதுக்கு மாத்தணும்?” என்கிறார்கள். அளவு குறையாமலே ஆயில் கெட்டுப்போகும் என்பது பலருக்குத் தெரியவில்லை. இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை. நாம் ஊற்றும் டாட் 3, டாட் 4 ஆயில்கள் கிளைகால் என்ற ரசாயன வகை. மழைக்காலத்தில் திறந்து வைத்த உப்பு ஜாடி மாதிரி, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டப்பா மூடியின் காற்றுத்துளை வழியாகவும் ஈரம் நுழையும், சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ் வழியாகவும் மெல்ல நுழையும். புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தர விதி. அதே ஆயிலில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த விதியே 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 ஆயிலுக்கு இவை 230, 155.

லோடு வண்டி தொடர்ந்து பிரேக் பிடித்து இறங்கும்போது அந்தச் சூடு சுலபமாக வந்துவிடும். ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். நீங்கள் மிதிக்கிற மிதியெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும். பெடல் அடிவரை இறங்கும், வண்டி நிற்காது. சிதம்பரம், புதுச்சேரி என்று சமதளத்தில் ஓடும்வரை இது வெளியே தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் லோடோடு இறங்கும்போது தெரியும். இதில் ஆபத்தான விஷயம், ஓரமாக நிறுத்தி ஆறவிட்டால் பிரேக் பழையபடி வந்துவிடும். “சூட்டுல அப்படி ஆயிடுச்சு, இப்ப சரி” என்று அப்படியே ஊர் திரும்புகிறவர்கள் உண்டு. அது சரியாகவில்லை. அடுத்த இறக்கத்தில் மறுபடி நடக்கும்.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். உங்கள் வண்டிப் புத்தகத்தில் அதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அதன்படி செய்யுங்கள். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கறுத்துப்போன ஆயில் கெட்டது என்று சொல்லலாம், ஆனால் வெளுப்பாக இருப்பதாலேயே நல்லது என்று சொல்லிவிட முடியாது. ஈரம் கண்ணுக்குத் தெரியாது. இன்னொன்று, டப்பாவில் அளவு மெதுவாக இறங்கினால் முதலில் சக்கரத்தில் உரசி வண்டியை நிறுத்தும் பேடையும் லைனரையும் பாருங்கள். பேடு தேயத் தேய ஆயில் கீழே இறங்கி, பேடை அழுத்தும் காலிபருக்குள் நிற்கும், அது இயல்பு. திடீரென்று இறங்கினால் எங்கோ கசிவு. இரண்டையும் பார்க்காமல் மேலே ஊற்றிக்கொண்டே இருப்பது நோயை மறைக்கும்.

சரி, வீட்டில் செய்யலாமா? செய்யலாம். கையில் கொஞ்சம் பழக்கம் உள்ளவர் நிதானமாகச் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் ஆயில் டின்னை உடைப்பதற்கு முன் வண்டிக்கு அடியில் போய் நான்கு நிப்பிளையும் (ஒவ்வொரு சக்கரத்திலும் ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் சின்னத் திருகு) பாருங்கள். மீன் வண்டியில் ஐஸ் உருகி, உப்புத் தண்ணீர் பாடியின் பின்பக்கமாக நேரே பின் ஆக்சில் மேல் வடியும். அந்த ஆக்சில் மேல்தான் பிரேக் பைப் ஓடுகிறது, பின் சக்கரப் பிரேக்கை இயக்கும் வீல் சிலிண்டரின் நிப்பிளும் அங்கேதான். துருப்பிடித்த நிப்பிளை ஒரே மூச்சில் திருப்பினால் முறிந்துவிடும். அப்புறம் வீல் சிலிண்டரையே மாற்ற வேண்டியதுதான். முந்தின நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். மறுநாள் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சரியான அளவு ரிங் ஸ்பேனர் போட்டு, முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். பிரேக் பைப்பில் துரு செதில் செதிலாக உரிந்து வந்தாலும் நிறுத்துங்கள். அந்த வண்டிக்கு முதலில் வேண்டியது பைப், ஆயில் அதற்குப் பிறகு. அதைப் பட்டறையில் விடுங்கள்.

பிக்கப் வண்டிக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது. கார் வீடியோ பார்த்துச் செய்கிறவர்கள் தவறவிடுவது இதைத்தான். பல பிக்கப்களில் சேஸிஸுக்கும் (வண்டியின் அடிச்சட்டம்) பின் ஆக்சிலுக்கும் நடுவில் ஒரு வால்வு இருக்கும், அதிலிருந்து ஒரு கம்பியோ ஸ்பிரிங்கோ ஆக்சிலுக்குப் போகும். லோடு ஏறினால் சேஸிஸ் தாழும், கம்பி நகரும், வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தத்தை அதிகம் விடும். காலி வண்டியில் குறைத்துவிடும், இல்லாவிட்டால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கும். இப்போது நீங்கள் சேஸிஸில் ஜாக்கி கொடுத்துப் பின்பக்கத்தைத் தூக்கினால் ஆக்சில் கீழே தொங்கும். வண்டி சுத்தமாகக் காலி என்று வால்வு எடுத்துக்கொண்டு பின் பக்கத்துக்கு ஆயிலைக் குறைத்துவிடும். எவ்வளவு மிதித்தாலும் நிப்பிளில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், உள்ளே காற்றும் தங்கும். அதனால் பின்பக்கத்தை ஆக்சில் மேல் எடை இருக்கும்படி வைத்தே வேலை செய்யுங்கள். டயர் தரையிலேயே இருந்தால் இன்னும் நல்லது, பிக்கப்பில் அடியில் படுக்க இடம் இருக்கும். சில வண்டிகளில் அந்த வால்விலேயே தனி நிப்பிள் உண்டு, அதையும் விட்டுவிடக்கூடாது.

இந்த இடத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதிக லோடு ஏற்றப் பின்னால் கூடுதல் பட்டை போடுகிறார்கள். பட்டை கூடினால் எவ்வளவு ஏற்றினாலும் சேஸிஸ் தாழாது. லோடு இல்லை என்றே வால்வு நினைக்கும், பின் பிரேக் குறைவாகவே பிடிக்கும். லோடு கூடுகிற நேரத்தில் பிரேக் குறைகிறது! பட்டை போட்டவர்கள் இந்த வால்வைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். கம்பியைக் கயிற்றால் இழுத்துக் கட்டுவதும், கழற்றிப் போடுவதும் வேண்டவே வேண்டாம்.

வேலைக்கு வருவோம். மழை இல்லாத நாள், சமமான தரை, டயருக்கு இரண்டு பக்கமும் கட்டை. மூடியில் எழுதியிருக்கும் வகையையே, சீல் உடைக்காத டின்னாக ஒரு லிட்டர் வாங்குங்கள். போன வருஷம் பாதி ஊற்றி வைத்த டின் நம் கடற்காற்றில் எதற்கும் உதவாது. டாட் 5 என்று மட்டும் எழுதியிருந்தால் அது சிலிகான் வகை, மற்றதோடு சேராது. இன்ஜின் ஆயில், ஸ்டீயரிங் ஆயில், டீசல், மண்ணெண்ணெய் எதுவும் ஒரு சொட்டுகூட இந்த டப்பாவுக்குள் போகக்கூடாது. சுத்தம் செய்யக்கூட இவற்றைத் தொட வேண்டாம். ரப்பர் கப் எல்லாம் ஊதிப்போய், பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து சக்கரம் வரை ரப்பரை முழுவதும் மாற்ற நேரிடும்.

மூடியைத் திறக்கும் முன் சுற்றிலும் துடையுங்கள். பழைய ஆயிலை ஊசிக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றுங்கள். நம் வலதுபக்க ஸ்டீயரிங் வண்டியில் பொதுவாகப் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்ற வரிசை. வண்டிப் புத்தகம் வேறு சொன்னால் அதுதான் சரி. நிப்பிளில் தெளிவான டியூப் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் முக்குங்கள். இன்ஜின் ஓடக்கூடாது. மேலே ஒருவர், கீழே ஒருவர். கீழே இருப்பவர் சொல்லாமல் மேலே இருப்பவர் காலை எடுக்கக்கூடாது. பையன் கீழே இருந்து “மிதிங்கப்பா”, “அப்படியே பிடிங்கப்பா” என்கிறான், நிப்பிளைக் கால் சுற்றுத் திறக்கிறான், ஆயில் வருகிறது, பெடல் இறங்குகிறது, நிப்பிளை மூடுகிறான், அதற்குப் பிறகுதான் “விடுங்கப்பா”. மூடுவதற்கு முன் காலை எடுத்தால் காற்று உள்ளே போய்விடும்.

பழைய வண்டியில் பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வையுங்கள். மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே தினமும் ரப்பர் போகாத ஆழத்தில் துருவும் அழுக்கும் இருக்கும். அடிவரை மிதித்தால் ரப்பர் அதில் உரசிக் கிழியும். நேற்றுவரை நன்றாக இருந்த பிரேக், ஆயில் மாற்றிய பிறகு இறங்குகிறதே என்று வருகிறவர்கள் பலருக்கு நடந்தது இதுதான். சில மிதிக்கு ஒருமுறை டப்பாவைப் பார்த்து ஊற்றிக்கொண்டே இருங்கள், வற்றவிடாதீர்கள். ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் மின்னணு அமைப்பு) உள்ள வண்டியில் வற்றிவிட்டால் ஸ்கேனர் வைத்துத்தான் காற்றை எடுக்க வேண்டியிருக்கும். பெயின்டில் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண்ணாடியும் கையுறையும் போடுங்கள்.

நிப்பிளை இறுக்கி, ரப்பர் மூடி போட்டு, நான்கும் முடிந்தபின் பெடல் பேசும். ஸ்பிரிங் மாதிரி துள்ளினால் உள்ளே காற்று இருக்கிறது, மறுபடி முதல் சக்கரத்திலிருந்து. கெட்டியாக இருந்து, ஆனால் தாழ்வாகப் பிடித்தால் டிரம்முக்கும் அதில் உரசும் ஷூவுக்கும் இடைவெளி கூடியிருக்கிறது, அதை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். எத்தனை தடவை காற்று எடுத்தாலும் அது தீராது. அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்ல இறங்கினால் கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டர். அந்த வண்டியை நகர்த்த வேண்டாம், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். பெடலை மிதித்தபடி இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது கொஞ்சம் இறங்குவது மிதியைச் சுலபமாக்கும் பூஸ்டரின் வேலை, அதற்குப் பயப்பட வேண்டாம்.

பாட்டிலில் சேர்ந்த பழைய ஆயில் விஷம். கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றித் திண்ணையில் வைப்பதைப் பார்த்திருக்கிறேன். குழந்தை உள்ள வீட்டில் அப்படிச் செய்யாதீர்கள். சாக்கடையிலும் கொட்டாதீர்கள், அது உப்பனாற்றுக்குத்தான் போகும். மூடியுள்ள கேனில், மேலே எழுதி, கழிவு ஆயில் எடுக்கும் பட்டறையில் கொடுங்கள். இன்ஜின் ஆயிலோடு கலக்க வேண்டாம்.

முதல் ஓட்டம் காலி வண்டியில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், நடக்கிற வேகத்தில் தொடங்கட்டும். மறுநாள் காலை லோடு ஏற்றுவதற்கு முன் நான்கு சக்கரத்தின் உள்பக்கமும் விரலால் தடவிப் பாருங்கள், டப்பாவின் அளவையும் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் அன்றைக்கு லோடு வேறு வண்டியில் போகட்டும்.