குழி இல்லாத இடத்தில் குழியைத் தேடி

தென்னாப்பிரிக்காவில், ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்து தெற்கே காரில் ஒரு மணி நேரம் போனால் வால் ஆற்றங்கரையில் பாரிஸ் என்ற சிற்றூர் வரும். கோயில் தமிழ் வகுப்புப் பிள்ளைகளோடு போன மாதம் அங்கே போயிருந்தோம். ஒரு குன்றின் மேல் ஏறி நின்று, "இதுவரை உறுதியானதிலேயே மிகப் பெரிய விண்கல் மோதல் நடந்த இடம் இதுதான்" என்றேன். எட்டு வயதுப் பெண் ஒருத்தி சுற்றிலும் பார்த்துவிட்டு, "குழி எங்கே அங்கிள்?" என்றாள்.

நல்ல கேள்வி. இங்கே குழி இல்லை. ஃப்ரீடஃபோர்ட் மோதல் என்று அழைக்கப்படும் இந்த மோதல் நடந்து சுமார் 202 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அப்போது உண்டான பள்ளம் 250 முதல் 300 கிலோமீட்டர் அகலம் இருந்திருக்கும் என்று கணிக்கிறார்கள். மேலே இருந்த பல கிலோமீட்டர் பாறையை மழையும் ஆறும் அரித்துக்கொண்டு போய்விட்டன. மிஞ்சியிருப்பது பள்ளத்தின் அடியில் நடுவே எழும்பிய பகுதி. தண்ணீரில் கல் விழுந்ததும் நடுவில் நீர் துள்ளி எழுமே, அதுபோல ஆழத்திலிருந்த கிரானைட் மேலே எழும்பியது. அதைச் சுற்றியிருந்த பாறை அடுக்குகள் செங்குத்தாக நிமிர்ந்தன, சில இடங்களில் தலைகீழாகவே கவிழ்ந்தன. இன்று வளையமாகத் தெரியும் குன்றுகள் அவைதான்.

ஆனால் வளையத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. அடியிலிருந்து பாறைக்குழம்பு முட்டித் தள்ளினாலும் நிலம் இப்படிப் புடைக்கும். ஆழத்தில் நடந்த ஏதோ வெடிப்புதான் காரணம் என்று பல புவியியலாளர்கள் நெடுங்காலம் வாதாடினார்கள். அந்தச் சந்தேகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். வானத்திலிருந்து வந்தது என்று சொல்பவர்தான் சான்று காட்ட வேண்டும்.

முதல் நல்ல சான்று கையால் தொட்டுப் பார்க்கக்கூடியது. சிதறல் கூம்பு என்பார்கள். தென்னந்துடைப்பத்தின் கட்டிலிருந்து ஈர்க்குகள் விரிவதுபோல, ஒரு புள்ளியிலிருந்து மெல்லிய வரிகள் கல்லின் மேல் விரிந்து இறங்கும். விரலால் தடவினால் வரிவரியாக உறுத்தும். அதிர்ச்சி அலை பாறைக்குள் பாயும்போது உண்டாகும் முறிவு இது. புவியியலாளர் ராபர்ட் ஹார்கிரேவ்ஸ் 1961இல் இங்கே இவற்றைப் பதிவு செய்தார்.

அப்புறம் மைக்ரோஸ்கோப். பாறையை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து எடுத்தால் அதன் வழியே ஒளி ஊடுருவும். அதிர்ச்சி பட்ட குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் மணிக்குள் நேரான, நெருக்கமான இணைகோடுகள் தெரியும், அதுவும் ஒரே மணிக்குள் பல திசைகளில். காற்று நம்மை அழுத்துவதைப் போல லட்சம் மடங்கு அழுத்தம் நொடிக்கும் குறைவான நேரத்தில் தாக்கினால்தான் இவை உண்டாகும். எரிமலைக்கு அந்த வலு கிடையாது. அத்தகைய அழுத்தத்தில் பிறக்கும் கோயசைட், ஸ்டிஷோவைட் என்ற கனிமங்களும் 1978இல் இங்கே கிடைத்தன. பின்னர், 1996இல், இங்குள்ள உருகி உறைந்த பாறை ஒன்றில் விண்கல்லின் ஆஸ்மியம் என்ற உலோகம் துளியளவு கலந்திருப்பதும் தெரியவந்தது.

பாரிஸ் பக்கத்துக் கல்குவாரிகளில் ஒரு கறுப்புப் பாறையைப் பார்க்கலாம். கருப்பட்டிப் பாகில் நிலக்கடலை மாதிரி, கண்ணாடி போன்ற கருமைக்குள் உருண்டை உருண்டையாகக் கிரானைட் பதிந்திருக்கும். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் நிலப்பிளவில் பாறைகள் உராய்ந்து உருகினாலும் இதே வகைப் பாறை உண்டாகும் என்பதால், அதைத் தனிச் சாட்சியாக ஏற்பதில்லை.

பிரிட்டோரியாவுக்கு வடமேற்கே 40 கிலோமீட்டரில் இருக்கும் ட்ஸ்வைங் பள்ளத்தின் கதை நேர்மாறு. ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதல் அகலத்தில், கிண்ணம் போன்ற பள்ளம், நடுவே உப்பு ஏரி. வயது சுமார் 2,20,000 ஆண்டுகள்தான். இவ்வளவு தெளிவாகப் பள்ளம் இருந்தும் அதை எரிமலை வாய் என்றே பலர் நம்பினார்கள். 1980களின் கடைசியில் ஏரியின் அடியில் துளையிட்டு எடுத்த பாறைத்துண்டுகளின் குவார்ட்ஸ் மணிகளில் அதே இணைகோடுகள் இருந்தன. வழக்கு அதோடு முடிந்தது.

அடுத்த விடுமுறையில் அங்கே போகிறோம். கேள்வி கேட்ட பெண்ணிடம் சொல்லிவிட்டேன், அங்கே குழி இருக்கிறது என்று.