தேர்டு: மூன்றாவதா, மூன்றில் ஒன்றா?

ஆங்கிலத்தில் ‘தேர்டு’ என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. வரிசையில் நிற்கும்போது மூன்றாவது. பங்கு பிரிக்கும்போது மூன்றில் ஒன்று. தமிழில் இந்த இரண்டும் ஒட்டுவதே இல்லை. எண்ணோடு ‘ஆம்’, ‘ஆவது’ சேர்ந்தால் வரிசை. ‘இல்’ சேர்ந்தால் பின்னம். ஆங்கிலப் பத்திரத்தைத் தமிழாக்கும்போது ‘ஒன் தேர்டு ஷேர்’ என்பது ‘மூன்றாவது பங்கு’ ஆகிவிடுவது இதனால்தான். மேலூர்ப் பக்கம் ஆறு ஏக்கர் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு என்றால் இரண்டு ஏக்கர், அதாவது 200 சென்ட். ‘மூன்றாவது பங்கு’ என்று எழுதினால், மொத்தம் எத்தனை பங்கு, எந்தப் பக்கமிருந்து எண்ணி மூன்றாவது என்ற கேள்வி கிளம்பும். வழக்குப் போட அது போதும்.

பழைய ஆங்கிலத்தில் இது ‘த்ரித்த’ என்பது போல ஒலித்தது. ‘த்ரீ’ உள்ளே இருப்பது வெளிப்படையாகத் தெரியும். பிறகு ரகரம் இடம் மாறி ‘தேர்டு’ ஆனது. தசை சதையானதும் இதே வழியில்தான். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் முன்பு மூன்று ‘ரைடிங்’குகளாகப் பிரிந்திருந்தது. அதற்கும் குதிரைச் சவாரிக்கும் சம்பந்தமில்லை. மூன்றில் ஒரு பகுதி என்ற ஸ்காண்டிநேவியச் சொல் தேய்ந்த வடிவம் அது.

ஃபிஃப்த், சிக்ஸ்த் எல்லாம் இப்படியே இரட்டை வேலை பார்ப்பவை. ‘செகண்ட்’ மட்டும் பாதியைக் குறிக்காது. பின்தொடர்வது என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. பாதிக்கு ‘ஹாஃப்’ தனியாக இருக்கிறது. ஆனால் 1/32 இன்ச்சை ‘ஒன் தர்ட்டி செகண்ட்’ என்றுதான் படிக்க வேண்டும். கால் பங்குக்கு ‘குவார்ட்டர்’, ‘ஒன் ஃபோர்த்’ இரண்டும் சரி.

மூன்றில் ஒன்று என்ற பொருளில் ‘தேர்டு’க்கு நேராகத் தமிழில் ஒற்றைச் சொல் கிடையாது. காரணம் நம் பழைய கணக்கிலேயே இருக்கலாம். முழு எண்ணுக்குக் கீழே உள்ளவற்றைக் கீழ்வாயிலக்கம் என்றார்கள். முந்திரி, காணி, மா எல்லாம் அந்தப் பின்னங்களின் பெயர்கள். நாலு முந்திரி ஒரு காணி, நாலு காணி ஒரு மா, ஐந்து மா ஒரு கால். ஆக ஒன்றில் 320 முந்திரி. இந்த 320 மூன்றால் வகுபடாது. பங்குக்கு 107 முந்திரி வைத்தால் மூன்று பங்குக்கு ஒரு முந்திரி இடிக்கும். 106 வைத்தால் இரண்டு மிஞ்சும். அரைக்கால், மாகாணி என்று எட்டில் ஒன்றுக்கும் பதினாறில் ஒன்றுக்கும் பெயர் வைத்தவர்கள் மூன்றில் ஒன்றை அப்படியே விரித்துச் சொன்னதற்கு இந்தக் கணக்குப் பொருந்தி வருகிறது. எனவே ‘மூன்றில் ஒரு பங்கு’ என்பதே சரியான தமிழ். ‘மூன்றிலொன்று’ என்று சேர்த்தும் எழுதலாம்.

வரிசைப் பொருளுக்கு மூன்றாம், மூன்றாவது இரண்டும் செல்லும். சித்திரைத் திருவிழாவில் எட்டாம் நாள் பட்டாபிஷேகம், பத்தாம் நாள் திருக்கல்யாணம், பதினோராம் நாள் தேர். நாள், வகுப்பு, படைவீடு போல நிலைத்த பெயர்களுக்கு ‘ஆம்’ அழகு. எண்ணிக்கொண்டே போகும்போது ‘ஆவது’: மூன்றாவது தெரு, மூன்றாவது வீடு. மொத்தமே மூன்று என்றால் எண்ணே வேண்டியதில்லை. முதற்சங்கம், இடைச்சங்கம், கடைச்சங்கம் என்று முடித்துவிட்டார்கள். 1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தொடங்கிய சங்கத்துக்கு அந்த வசதி இல்லை, கடைக்கு அப்பால் என்ன சொல்வது? அதனால்தான் அது நான்காம் தமிழ்ச் சங்கம். ‘தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ்’ மூன்றாம் நபர் காப்பீடு. காப்பீடு எடுத்தவர், கொடுத்தவர் இருவரும் அல்லாத ஆள். இங்கே பங்குக்கு வேலையில்லை.

ஆங்கிலத்தில் பின்னத்தைப் படிக்கும்போது மேலே உள்ள தொகுதியைச் சாதாரண எண்ணாகவும், கீழே உள்ள பகுதியை வரிசை எண்ணாகவும் சொல்ல வேண்டும். தொகுதி ஒன்றைத் தாண்டினால் பகுதிக்குப் பன்மை: 2/3 என்பது ‘டூ தேர்ட்ஸ்’. தமிழில் பகுதிதான் முன்னால் வரும். ‘மூன்றில் இரண்டு’ என்று மனதில் ஓடும் வரிசையிலேயே ‘த்ரீ பை டூ’ என்று சொன்னால் அது ஒன்றரை! வினைச்சொல் ‘ஆஃப்’புக்குப் பின்னால் வருவதைப் பார்த்து மாறும்: டூ தேர்ட்ஸ் ஆஃப் த ரைஸ் ‘இஸ்’, டூ தேர்ட்ஸ் ஆஃப் த ஸ்டூடன்ட்ஸ் ‘ஆர்’. ஒன்றரை மணி நேரத்துக்கு ‘ஒன் அண்ட் எ ஹாஃப் அவர்ஸ்’. நடுவிலுள்ள ‘எ’யை நம் ஊரில் பலரும் விழுங்கிவிடுகிறார்கள்.

எக்செல்லில் 1/3 என்று அடித்தால் அது பின்னமாக நிற்காது, தேதியாகிவிடும்; நம் நாட்டு அமைப்பில் மார்ச் 1. முதலில் 0, பிறகு ஓர் இடைவெளி, அதன்பின் 1/3 என்று அடித்தால் மூன்றில் ஒன்றாகவே இருக்கும்.