வரிசையில் நிற்கும்போதே விலை ஏறினால்?

2024 ஆகஸ்ட் 31, சனிக்கிழமை. 2009இல் அண்ணன் தம்பி சண்டையில் கலைந்துபோன ஒயாசிஸ் இசைக்குழு மறுபடி சேர்ந்து பாடப்போகிறது என்று அறிவித்து நான்கே நாள் ஆகியிருந்தது. காலையில் டிக்கெட் விற்பனை தொடங்கியதும் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் லட்சக்கணக்கானவர்கள் இணைய வரிசையில் போய் நின்றார்கள். மைதானத்தில் நின்று பார்க்கும் டிக்கெட் ஏறத்தாழ 148 பவுண்டு என்று பேச்சு. பல மணி நேரம் காத்திருந்து உள்ளே நுழைந்த பலருக்கு அதே டிக்கெட் 355 பவுண்டு என்று காட்டியது. அதே மைதானம், அதே தரை, அதே பாட்டு. வாங்குவதா விடுவதா என்று முடிவெடுக்கச் சில நிமிடம்தான், திரையில் கடிகாரம் வேறு ஓடிக்கொண்டிருக்கும்.

அன்று மாலைக்குள் எல்லோர் வாயிலும் 'டைனமிக் பிரைசிங்' என்ற பெயர் அடிபட்டது. கூட்டத்தைப் பார்த்து ஏதோ ஓர் அல்காரிதம் நொடிக்கு நொடி விலையை ஏற்றிவிட்டது என்றே பலரும் நம்பினார்கள். பிரிட்டனின் போட்டி, சந்தைகள் ஆணையம் விசாரணையில் இறங்கியது. 2025 மார்ச்சில் அது வெளியிட்ட கருத்து பலருக்கு ஆச்சரியம்: டிக்கெட்டுகளை இணையத்தில் விற்ற டிக்கெட்மாஸ்டர் நிறுவனம் அப்படி அல்காரிதம் வைத்து விலையை மாற்றியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. நடந்தது அதைவிட எளிய வேலை. நின்று பார்க்கும் டிக்கெட்டுகளுக்கு முன்கூட்டியே இரண்டு விலை குறித்து வைத்திருந்தார்கள். மலிவானது முதலில் விற்றது. அது தீர்ந்ததும் விலை கூடியதைத் திறந்துவிட்டார்கள். வரிசையில் நின்றவர்களுக்கு இப்படி ஓர் ஏற்பாடு இருப்பதே தெரியாது. இது போதாதென்று, சில இருக்கைகளுக்கு 'பிளாட்டினம்' என்று பெயர் வைத்து, கூடுதல் வசதி எதுவும் இல்லாமலே ஏறக்குறைய இரண்டரை மடங்கு விலைக்கு விற்றதையும் ஆணையம் சுட்டிக்காட்டியது.

அடுக்கு விலை நமக்கொன்றும் புதிதல்ல. 2016 செப்டம்பரில் இந்திய ரயில்வே ராஜதானி, சதாப்தி, துரந்தோ வண்டிகளில் ஃபிளெக்ஸி கட்டணம் கொண்டுவந்தது. ஒவ்வொரு 10 சதவீத இடம் நிரம்பும்போதும் அடிப்படைக் கட்டணம் 10 சதவீதம் ஏறும், அப்போது உச்சபட்ச ஏற்றம் 50 சதவீதம். அதன் மீதும் எரிச்சல் உண்டு. ஆனால் விதி என்ன, எந்த இடத்தில் ஏற்றம் நிற்கும் என்பதெல்லாம் முன்பே எல்லோருக்கும் தெரியும். ஒயாசிஸ் விற்பனையில் அந்த விதியைத்தான் மறைத்து வைத்திருந்தார்கள்.

மாறும் விலை என்ற யோசனையை வளர்த்தெடுத்தவை விமான நிறுவனங்கள். அமெரிக்காவில் 1978இல் விமானக் கட்டணங்கள் மீதான அரசுக் கட்டுப்பாடு விலக்கப்பட்டது. அதன் பிறகு அமெரிக்கன் ஏர்லைன்ஸ் போன்றவை ஒரே விமானத்தின் இருக்கைகளைப் பல விலைகளில் விற்கப் பழகின. சுற்றுலா போகிறவர் இரண்டு மாதம் முன்பே பதிவு செய்வார், விலை கூடினால் பயணத்தையே தள்ளிப்போடுவார். அலுவலக வேலையாகப் போகிறவர் முந்தின நாள்தான் வருவார், கேட்ட காசைக் கொடுப்பார். ஆக, ஒருவர் எப்போது டிக்கெட் எடுக்க வருகிறார் என்பதை வைத்தே அவரால் எவ்வளவு கொடுக்க முடியும் என்று ஓரளவு ஊகிக்கலாம். முந்தி வருகிறவருக்கு மலிவு, பிந்தி வருகிறவருக்குக் கூடுதல்.

இசை நிகழ்ச்சியில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. விற்பனை திறந்த முதல் நிமிடத்திலேயே வந்து நிற்பது யார்? அலாரம் வைத்து எழுந்த தீவிர ரசிகர்தான். கூட்டம் உச்சத்தில் இருப்பதும் அந்த நேரத்தில்தான். தேவையைப் பார்த்து விலை ஏற்றும் முறை என்றால், உச்ச விலை முதலில் விழுவது அவர் தலையில். 'கிடைத்தால் போகலாம், இல்லாவிட்டால் பரவாயில்லை' என்கிற ஆள் ஒரு மாதம் கழித்து ஆறுதலாக எட்டிப் பார்த்தால், சில ஊர்களில் விலை இறங்கியிருக்கவும் கூடும். விமானத்தில் முந்தி வந்தவனுக்குச் சலுகை, கச்சேரியில் முந்தி வந்தவனுக்குத் தண்டனை. டைனமிக் பிரைசிங் பற்றிய என் முதல் ஆட்சேபம் இதுதான். விலை அதிகம் என்பதெல்லாம் அப்புறம்தான்.

சரி, பொருளாதாரப் பாடப்புத்தகம் இதற்கு என்ன பதில் சொல்லும்? இருப்பது 50,000 இடம், கேட்பவர்கள் ஐந்து லட்சம் பேர் என்று வைத்துக்கொள்வோம். எப்படிப் பார்த்தாலும் நாலரை லட்சம் பேர் வெறுங்கையோடு திரும்பத்தான் வேண்டும். விலையைக் குறைவாக வைத்தால் வித்தியாசத்தை இடையில் இருப்பவன் அள்ளிக்கொள்வான். பாட் என்னும் தானியங்கி நிரல்களை வைத்து ஆயிரக்கணக்கில் வாங்கி பிளாக்கில் விற்பான். விலையை ஏறவிட்டால், டிக்கெட்டை யார் மிக அதிகமாக மதிக்கிறார்களோ அவர்களிடமே அது போய்ச் சேரும், காசும் பாடுகிறவருக்குப் போகும்.

காசு பாடுகிறவருக்குப் போகும் என்பது உண்மை. மிக அதிகமாக மதிக்கிறவரிடம் டிக்கெட் போய்ச் சேரும் என்பதில்தான் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒருத்தி கல்லூரி மாணவி. மாதம் 300 பவுண்டில் வாழ்கிறாள், அதில் 200ஐ இந்த ஒரு ராத்திரிக்காகத் தரத் தயார். இன்னொருவர் மாதம் 10,000 சம்பாதிப்பவர். இரண்டு பாட்டுக்கு மேல் தெரியாது, ஆனால் 400 பவுண்டு அவருக்கு ஒரு விஷயமே இல்லை. சந்தை அவரிடம் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு 'மிக அதிகமாக மதிக்கிறவருக்குக் கொடுத்தேன்' என்று குறித்துக்கொள்ளும். மாணவி தர நினைத்தது அவள் மாத வரவில் மூன்றில் இரண்டு பங்கு, அவர் தந்தது இருபத்தைந்தில் ஒரு பங்கு. எல்லோர் பையிலும் ஒரே அளவு பணம் இருந்தால்தான் ஆசையை விலை சரியாக அளக்கும். இல்லாத இடத்தில் அது ஆசையையும் வருமானத்தையும் கலந்து அளக்கிறது, எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அதற்குத் தெரியாது.

எது நியாயம் என்று மக்கள் எப்படி முடிவு செய்கிறார்கள் என்பதைத் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1986இல் ஒரு புகழ்பெற்ற ஆய்வை வெளியிட்டார்கள். கானமனும் தேலரும் பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்றவர்கள். கனடாவில் தொலைபேசியில் கூப்பிட்டு மக்களிடம் சின்னச் சின்னக் கேள்விகள் கேட்டார்கள். ஒரு கடையில் பனி அள்ளும் மண்வெட்டி 15 டாலர். பெரிய பனிப்புயல் அடித்த மறுநாள் காலை கடைக்காரர் அதை 20 டாலர் ஆக்குகிறார். இது சரியா? 82 சதவீதம் பேர் நியாயமில்லை என்றார்கள். ஐந்து டாலரால் யாரும் ஏழையாகிவிடப் போவதில்லை. புயல் அடித்ததால் கடைக்காரருக்குச் செலவு எதுவும் கூடவில்லை, என் அவசரத்தைப் பார்த்து ஏற்றுகிறார் என்பதுதான் அவர்களை உறுத்தியது.

அதே ஆய்வில் நம் விஷயத்துக்கு நேராக வரும் கேள்வி ஒன்றும் உண்டு. ஒரு கால்பந்துப் போட்டிக்கு டிக்கெட் குறைவு, கேட்பவர்கள் அதிகம். ஏலம், குலுக்கல், வரிசை, இந்த மூன்றில் எது நியாயம்? வரிசை என்றவர்கள் 68 சதவீதம். குலுக்கல் 28. ஏலத்துக்கு வெறும் 4. பொருளாதார நிபுணர் முதலில் வைப்பதை மக்கள் கடைசியில் வைத்தார்கள்.

வரிசைக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? அதுவும் ஒரு வகையில் விலைதான், காசுக்குப் பதில் நேரத்தைக் கொடுக்கிறோம். ஒரு நாளின் 24 மணி நேரம் எல்லோருக்கும் பொது என்பதால், பணத்தைவிட நேரம் ஆர்வத்தைக் கொஞ்சம் நேர்மையாக அளக்கிறது. ரொம்ப நேர்மை என்றும் சொல்லிவிட முடியாது, ஷிஃப்டில் வேலை பார்க்கிறவரையும் கைக்குழந்தை வைத்திருப்பவரையும் கேட்டால் தெரியும். ஒயாசிஸ் ரசிகர்களின் கோபத்துக்குக் காரணம் இங்கே பிடிபடுகிறது. நேரம் என்ற விலையை அவர்கள் முழுதாகச் செலுத்தி முடித்திருந்தார்கள். அதன் பிறகு பண விலையையும் மாற்றினால் ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு தடவை கட்டுவது போல ஆகிறது. அதோடு, நாலு மணி நேரம் காத்திருந்தவர் வெறுங்கையோடு வெளியேற மனம் வராமல் அதிக விலைக்கும் சரி என்பார். செலவான நேரம் திரும்ப வராது என்று தெரிந்தும் அதை வீணாக்க மனம் ஒப்பாத இந்த இயல்பு உளவியலில் நன்கு அறியப்பட்டது. வரிசைக்குப் பின்னால் விலையை மாற்றுகிறவருக்கும் இது தெரியாமல் இருக்காது.

பாடகர்களின் பக்கம் வருவோம். 2022 ஜூலையில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் அமெரிக்கப் பயணத்துக்கு விற்பனை தொடங்கியபோது சில டிக்கெட்டுகள் 4,000, 5,000 டாலர் வரை ஏறின. தொழிலாளி வர்க்கத்தைப் பற்றிப் பாடியே பெயர் வாங்கியவர் அவர். ஏறும் விலையில் விற்றது சுமார் 11 சதவீதம்தான், சராசரி விலை 262 டாலர் என்று டிக்கெட்மாஸ்டர் கணக்குக் காட்டியது. வெளியே இடைத்தரகர்கள் அள்ளுகிற காசு, மேடையில் மூன்று மணி நேரம் வியர்வை சிந்துகிறவர்களுக்கு வந்தால் என்ன என்ற பொருளில் ஸ்பிரிங்ஸ்டீனும் பேசினார். வாதமாகப் பார்த்தால் அதில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அவருக்காகவே 1980 முதல் நடந்துவந்த 'பேக்ஸ்ட்ரீட்ஸ்' என்ற ரசிகர் இதழ், இந்த விலை விவகாரத்தில் மனம் நொந்து 2023 பிப்ரவரியில் தன்னை மூடிக்கொண்டது. 43 ஆண்டு உறவு. எந்த விற்பனைக் கணக்கிலும் இது நட்டமாகப் பதிவாகாது.

டிக்கெட்மாஸ்டர் 2003 வாக்கில் நல்ல இருக்கைகளை நேரடியாக ஏலத்துக்கே விட்டுப் பார்த்தது. ஆதித்ய பாவே, எரிக் பியூடிஷ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அந்தத் தரவுகளை ஆராய்ந்தார்கள். நிர்ணய விலையைவிட வருமானம் ஏறக்குறைய இரட்டிப்பு, வாங்கி மறுவிற்பனை செய்கிறவனுக்கு லாபம் கிட்டத்தட்ட பூஜ்யம். பாடப்புத்தகம் சொன்னது அப்படியே நடந்தது. என்றாலும் சில ஆண்டுகளில் அந்த ஏலங்கள் மறைந்துவிட்டன. அடுத்த வருஷமும் இதே ரசிகரிடம் வர வேண்டிய பாடகர், அவரிடமிருந்து எவ்வளவு கறக்க முடியும் என்பது ஊரறியத் தெரிவதை விரும்பமாட்டார். விலையைக் குறைத்து வைப்பது அவருக்கு ஒரு முதலீடு. முன் வரிசையில் யார் கத்துகிறார்கள் என்பதைப் பொறுத்து நிகழ்ச்சியின் சூடே மாறும் என்பதும் மேடை ஏறுகிறவர்களுக்குத் தெரியும்.

அப்படியானால் பக்தியையே நேரடியாக அளந்துவிடலாமே? அதையும் முயன்றார்கள். 2017இல் டெய்லர் ஸ்விஃப்ட் தன் 2018 பயணத்துக்கு ரசிகர்களைப் பதிவு செய்யச் சொன்னார். பாட்டு வீடியோக்களைப் பார்த்தால், சமூக ஊடகத்தில் பகிர்ந்தால், ஆல்பமும் டீ-ஷர்ட்டும் வாங்கினால் வரிசையில் முன்னேறலாம். வாசலில் நிறுத்திய காசு ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டது. எதை வைத்து அளந்தாலும் அதை வாங்கவோ நடிக்கவோ வழி பிறந்துவிடும். 2022 நவம்பரில் அவருடைய ஈராஸ் பயணத்துக்கு முன்விற்பனை நடந்தபோது டைனமிக் பிரைசிங் கிடையாது, விலை நிர்ணயிக்கப்பட்டது. 35 லட்சம் பேர் பதிவு செய்திருந்தார்கள், ஒரே நாளில் 20 லட்சத்துக்கும் மேல் விற்றது, இணையதளம் திணறியது. பிறகு மறுவிற்பனையில் அதே டிக்கெட்டுகள் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போயின. விலையைக் குறைத்து வைத்துவிட்டு மறுவிற்பனைக் கதவைத் திறந்தே விட்டால், அந்த நல்ல மனசின் பலன் தரகருக்குத்தான்.

அந்தக் கதவைச் சட்டம் போட்டு மூடிய நாடுகள் உண்டு. ஜப்பானில் பெரிய நிகழ்ச்சிகளுக்கு ரசிகர் மன்றம் வழியாகக் குலுக்கல் நடப்பது வழக்கம். அச்சிட்ட விலைக்கு மேல் தொழிலாக மறுவிற்பனை செய்வது 2019 ஜூன் முதல் அங்கே குற்றம். அயர்லாந்து 2021இல் இதற்கெனச் சட்டம் இயற்றியது. என்னைக் கேட்டால், முன்கூட்டியே அறிவித்துவிட்ட நிலையான விலை, குலுக்கல், வர முடியாதவர் வாங்கிய விலைக்கே திருப்பிக் கொடுக்க ஒரு வழி, இவை மூன்றும் சேர்ந்ததுதான் இருப்பவற்றில் நியாயத்துக்கு அருகில் வருகிறது. முப்பது வருட ரசிகரையும் நேற்று வந்தவரையும் குலுக்கல் ஒன்றாகவே நடத்தும் என்பது உண்மைதான். பணக்காரரையும் ஏழையையும் ஒன்றாக நடத்துகிறதே, அதற்காக இதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கிட்டத்தட்ட இந்த வழியில் போனவர் 'தி கியூர்' இசைக்குழுவின் பாடகர் ராபர்ட் ஸ்மித். 2023 அமெரிக்கப் பயணத்துக்கு டைனமிக் பிரைசிங்கும் பிளாட்டினமும் வேண்டாம் என்று மறுத்தார், சில இடங்களில் டிக்கெட்டை 20 டாலருக்கே வைத்தார். அப்புறம் பார்த்தால், சேவைக் கட்டணம், அரங்கக் கட்டணம் என்று சேர்ந்து 20 டாலர் டிக்கெட்டுக்கு மேல்செலவே 20 டாலரைத் தாண்டியது. அவர் ட்விட்டரில் கொதித்த பிறகு, டிக்கெட்மாஸ்டர் மிக மலிவான டிக்கெட் வாங்கியவர்களுக்குத் தலைக்கு 10 டாலரும் மற்றவர்களுக்கு 5 டாலரும் திருப்பிக் கொடுத்தது. டிக்கெட்டைக் கைமாற்ற முடியாதபடி பூட்டவும் ஏற்பாடு செய்திருந்தார். நியூயார்க், இல்லினாய், கொலராடோ மாநிலங்களில் மட்டும் அது செல்லவில்லை. வாங்கியவர் தன் டிக்கெட்டை இஷ்டப்படி விற்கும் உரிமையை அங்கே சட்டமே பாதுகாக்கிறது.